ஏழரையும் ஏரியும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்து, பக்கத்து சீட் இளைஞர் (இனிமேல் ப.சீ.) ஒரு வழவழ நோட்டீஸை என் தயிர் சாதத்துக்கு மேலாக நீட்டினார். ஒன்பது மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் நீச்சல் குளம். குளத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னணியில், தாம்பரம் தாண்டி நான் இதுவரை பார்த்திராத ஒரு பனிமலை.

"டபுள் பெட்ரூம் சார். சிட்டி ரேட்டுல பாதி. மவுண்ட் ரோடுக்கு முக்கால் மணி நேரம்தான்."

"அந்த முக்கால் மணி நேரம் என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை காலைல சார். அவங்களே கார் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. இளநீர்கூட வாங்கிக் குடுத்தாங்க."

"அட்வான்ஸ்?"

"டோக்கனா பத்தாயிரம் குடுத்துட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் விற்ற இளநீர்களிலேயே விலை உயர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

ப.சீ.க்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டில் "சொந்த வீடு இருக்கா?" என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டார்களாம். அந்த ஒரு தரம் போதும். 20 வருஷ லோன், சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. இப்படிப்பட்டவரிடம் நகர அமைப்பு இயல் பேசுவது பாவம்தான். ஆனாலும் பேசினேன். ஏனென்றால் அவர் வாங்குவது 900 சதுர அடி மட்டுமில்லை, மேப்பில் ஒரு புள்ளி. சதுர அடியை இடித்துக் கட்டலாம், சுவரைத் தள்ளிப் போடலாம். புள்ளியை ஒன்றும் செய்ய முடியாது.

பாதி விலை என்றால், மீதிப் பாதியை வேறு யாரோ வேறு ரூபத்தில் நம்மிடம் வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு விவசாயி. வான் தூனன் என்று வடக்கு ஜெர்மனியில் ஒரு பண்ணைக்காரர். 1826-ல் ஒரு புத்தகம் எழுதினார். சமவெளி, நடுவில் ஒரே ஒரு ஊர், ஊரைச் சுற்றி நிலம். எதை எங்கே பயிரிட்டால் கட்டுப்படியாகும்? பாலும் காய்கறியும் கெட்டுப் போகும், அதனால் ஊரை ஒட்டி. அடுத்த வட்டத்தில் விறகுக் காடு, ஏனென்றால் விறகு கனம், வண்டிக் கூலி அதிகம். அதற்கப்புறம் தானியம். கடைசி வட்டத்தில் ஆடு மாடு, ஏனென்றால் மாட்டுக்கு வண்டி வேண்டாம், தானே நடந்து சந்தைக்கு வந்துவிடும். ஊருக்குக் கிட்டே வரவர வண்டிக் கூலி மிச்சம். அந்த மிச்சத்தை நிலத்துக்காரர் வாடகையாக உருவிக்கொள்வார்.

1964-ல் வில்லியம் அலான்ஸோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் காய்கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம்மை வைத்தார். நடுவில் பாங்க், கம்பெனி, பெரிய கடை. அப்புறம் அடுக்குமாடி. அப்புறம் வீடுகள். கிட்டே இருந்தால் வாடகை அதிகம், பயணம் குறைவு. எட்ட இருந்தால் நேர் மாறாக. எந்த வட்டத்தில் நின்றாலும் இரண்டும் சேர்ந்த பில் ஒன்று வரும்.

"நாம எந்த வட்டம் சார்?"

"கடைசி வட்டம். தானே நடந்து வர்றது."

இத்தாலிக்காரர் மார்க்கெட்டி (மார்க்கெட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பௌதிக ஆசாமி) 1994-ல் இன்னொரு வேடிக்கையைச் சொன்னார். எந்தக் காலத்திலும் மனுஷன் பயணத்துக்கு ஒதுக்குவது சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். நடந்து திரிந்த காலத்தில் அரை மணி நடந்தால் இரண்டரை கிலோமீட்டர். அதனால் பழைய கோட்டை ஊர்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடந்து கடக்கிற அளவில் நின்றன. மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றி வந்தால் கால் வலிக்காமலே புரியும். பிறகு ரயில் வந்தது, பஸ் வந்தது, பைக் வந்தது. நேரம் மிச்சமானதா? இல்லை. ஊர்தான் வீங்கியது.

சென்னைக்கு 1931-ல் பீச்-தாம்பரம் மின்சார ரயில் வந்தது. தண்டவாளம் போன பக்கமெல்லாம் ஊரும் கூடவே ஓடியது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011-ல் ஒரே கையெழுத்தில் 426 ஆயிற்று. சி.எம்.டி.ஏ. திட்டமிடும் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அதை 5,904 ஆக்கினார்கள். ஆகவே "சிட்டி லிமிட் சார்" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்து லிமிட் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மார்க்கெட்டி சொன்னது சராசரி. சராசரிக்கு வெளியே விழுந்தவன் கதை வேறு. நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வீட்டு வாசலிலிருந்து சீட் வரை ஒன்றரை மணி. போக வர மூன்று. வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 750 மணி. லோன் அடைகிற 20 வருஷத்தில் 15,000 மணி நேரம். அதை எட்டு மணி நேர ஆபீஸ் நாளாக மாற்றினால் 1,875 நாள். வருஷத்துக்கு 250 என்று வகுத்தால்...

ப.சீ. கால்குலேட்டரைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழரை சார்."

ஏழரை வருஷ உத்தியோகம், சம்பளமில்லாமல். சனி பகவானே இவ்வளவு துல்லியமாகப் பிடித்ததில்லை.

"ட்ரெயின்ல புக் படிச்சுட்டு வந்துருவேன் சார்."

"எட்டேகால் வண்டியில புக்கைப் பிரிக்கணும்னா, முதல்ல ரெண்டு கையும் உங்ககிட்ட இருக்கணும்."

*

பக்கத்தில் கடை கண்ணி உண்டா என்று கேட்டேன். "டீக்கடை ஒண்ணு இருக்கு. மத்ததெல்லாம் வரும்னாங்க." எது வரும், எது வராது என்பதற்கும் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. 1933-ல் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் எழுதினார். டீக்கடை பிழைக்க நூறு குடும்பம் போதும், தெருவுக்குத் தெரு வரும். மெடிக்கல் ஷாப்புக்குக் கொஞ்சம் கூட்டம் வேண்டும். நகைக்கடை, கல்யாணப் பட்டு, இதய டாக்டர் இதற்கெல்லாம் லட்சக்கணக்கான பேர் வேண்டும். அதனால் அவை சில இடங்களில் மட்டுமே முளைக்கும். டீக்கு நாம் எத்தனை தூரம் நடப்போம்? தெருமுனை வரை. தாலிக்கொடிக்கு? திருச்சியிலிருந்துகூட வருவோம், தி.நகருக்கு.

தி.நகர் என்றதும் ஒரு விஷயம் உறைத்தது. நோட்டீஸை வாங்கி மறுபடி பார்த்தேன். கட்டடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதில் 'லேக்' இருந்தது.

"லேக் எங்கே?"

"அங்கதான் சார் பில்டிங் வருது."

தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டேன். இனி வருவது கொஞ்சம் பழைய கதை. தி.நகரும் அதே மாதிரி ஓர் ஏரியில்தான் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், ஏரியை மூடாதே என்று சொல்ல ஒரு மனிதர் இந்த ஊருக்கு வந்திருந்தார். அவரை வழிமறித்தது எம்டன்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது எல்லோருக்கும் தெரியும். நம் வீடுகளில் கண்டிப்பான மாமனாருக்கு இன்னும் அந்தப் பேர்தான். அடுத்த மாதம் அதே எம்டன் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை அரபிக்கடலில் மூழ்கடித்தது. அதில் ஊர்களின் மேப்புகள், படங்கள் என்று ஒரு நகர அமைப்புக் கண்காட்சியே சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர் பாட்ரிக் கெட்டிஸ். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து வந்தார். மனிதர் அசரவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

கெட்டிஸின் வைத்தியம் எளிது. முதலில் நோயாளியைப் பார், அப்புறம் மருந்து. ஒரு ஊருக்குத் திட்டம் போடுமுன் அந்த ஊர்த் தெருக்களில் கால் நோக நடக்க வேண்டும் என்றார். நடந்தார். நேர் ரோடு போடுவதற்காக நூறு வீட்டை இடிக்கிற இன்ஜினீயர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இடிந்து விழப் போகிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு மரமும் திண்ணையும் வை, தெரு தானே மூச்சு விடும் என்பார். அப்போது சுகாதார அதிகாரிகள் கொசு வருகிறதென்று குளங்களைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். கொசுவுக்கு மருந்து மண் இல்லை, மீனும் வாத்தும்தான்; தண்ணீரை மூடாதீர்கள் என்று எழுதினார்.

1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. கையில் சட்டம் வந்ததும் கண்ணில் பட்டது, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் அதை வடித்து மனை போட்டார்கள். அதுதான் தியாகராய நகர். நடுவில் பனகல் பார்க், அதிலிருந்து விரியும் ரோடுகள், மரங்கள், தோட்டத்தோடு வீடுகள். அந்தக் காலத்தில் தோட்ட நகரம் என்பது பெரிய ஆசை. அதைக் கிளப்பிவிட்டவர் எபனேசர் ஹவர்ட், லண்டன் பார்லிமென்டில் சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவர். நம்ம கேஸ்தான். ஒரு ஸ்டெனோ 1898-ல் எழுதிய புத்தகம் உலகம் பூராவும் ஊர்களின் உருவத்தையே மாற்றியது. (மானேஜர்கள் கவனிக்க.)

தி.நகரைப் போட்டவர்கள் முட்டாள்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. ஊருக்கு வீடு வேண்டும், ரயிலடி பக்கத்தில் இருக்கிறது, ஏரி சும்மா கிடக்கிறது என்று தோன்றியிருக்கும். ஆனால் ஏரி ஒருநாளும் சும்மா கிடப்பதில்லை. மழையை இரண்டு மூன்று மாதம் பிடித்து வைத்து, மெதுவாகக் கிணறுகளுக்குக் கசியவிடுவது அதன் உத்தியோகம். அதன் மேல் சிமென்ட் பூசினால் அதே மழை அரை மணியில் தெருவுக்கு வந்துவிடும். தை மாதம் கிணற்றில் இருக்காது. ஐப்பசியில் வெள்ளம், சித்திரையில் பஞ்சம். இரண்டும் ஒரே வியாதி.

ஏரி போனாலும் பேர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் இன்னமும் டாங்க் பண்ட் ரோடு உண்டு, லேக் ஏரியா உண்டு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. வியூவில் டூவீலர்கள்தான் தெரியும். தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். 2022-ல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது குறித்த பரப்பு 1,247.

*

இதையெல்லாம் இத்தனை விவரமாகப் பேசுகிறேனே, நான் என்ன புத்திசாலியா? இல்லை. நாங்கள் இருந்த தெருவின் பெயரிலேயே 'ஏரிக்கரை' இருந்தது. பதினோரு வருஷம் அந்த விலாசத்தை எத்தனையோ பாரத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட, எந்த ஏரி என்று கேட்டதில்லை.

2015 டிசம்பர் 1 ராத்திரி ஏரியே வந்து சொன்னது. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முதலில் பாத்ரூமில் கொப்பளித்தது. பத்து நிமிஷத்தில் ஹாலில் கணுக்கால். கரெண்ட் போனது. முழங்கால் வந்தபோது ஃப்ரிட்ஜ் லேசாகத் தலையாட்டியது, பெருமாள் புறப்பாடு மாதிரி. அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. படியேற முடியாது. என்னாலும் தனியாகத் தூக்க முடியாது.

மாடி வீட்டுக்காரரோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் ஆரம்பித்த சண்டை. அவர்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மாவை நாற்காலியோடு ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். இரண்டு ராத்திரி அவர் வீட்டில் படுத்தோம். மூன்றாம் நாள் கீழே வந்து பார்த்தபோது, அப்பா நாற்பது வருஷம் எழுதிய வரவு செலவு நோட்டுகள் அத்தனையும் கூழ். ஃப்ரிட்ஜை வாங்கிவிட்டேன். அதை எங்கே வாங்குவது?

நாலு வருஷம் கழித்து, 2019 ஜூலையில், அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மாடி வீட்டுக்காரரும் நானும் ஒரே லாரிக்குக் குடத்தோடு நின்றோம். மோட்டார் சண்டைக்கு வழியே இல்லை. போட்டால் காற்றுதான் வந்தது.

*

"இப்ப என்ன சார் பண்றது?" ப.சீ. முகம் வாடிவிட்டது. நான் மூன்று வேலை கொடுத்தேன்.

ஒன்று, திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்த சைட் வாசலில் நின்று, உங்கள் சொந்தச் செலவில், பஸ்ஸும் ரயிலும் பிடித்து ஆபீஸ் வாருங்கள். வாட்சைப் பாருங்கள். இது தூனன், அலான்ஸோ, மார்க்கெட்டி மூவருக்கும் சேர்த்து.

இரண்டு, ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே தனியாக நடந்து பாருங்கள். நியூயார்க்கில் ஜேன் ஜேக்கப்ஸ் என்று ஒரு அம்மா. நகர அமைப்பில் பட்டம் ஏதும் வாங்காதவர். தன் பேட்டைக்கு நடுவே பெரிய ரோடு போட வந்தவர்களை விரட்டியவர். 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். தெருவுக்குக் காவல் போலீஸ் மட்டுமில்லை. பெட்டிக்கடைக்காரர், ஜன்னலில் நிற்கும் பாட்டி, இஸ்திரி வண்டிக்காரர், இவர்கள் கண்தான் காவல் என்றார். வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்று பிரித்தால் ஒவ்வொரு தெருவும் அரை நாள் செத்துக் கிடக்கும். காம்பவுண்டுக்குள் ஜிம் இருக்கலாம். நாளைக்கு உங்கள் மனைவி ராத்திரி ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் ஒரு விளக்கு எரிகிற கடை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, பட்டாவோடு கூட 'அ' பதிவேட்டையும் பாருங்கள். கிராம மேப்பில் அந்த நம்பர் எங்கே விழுகிறது, பக்கத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது கோடு போகிறதா என்று பாருங்கள். சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது மாஸ்டர் பிளானில் (2008) அது குடியிருப்பா, விவசாயமா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டீக்கடையில் இருக்கிற மிக வயதான மனிதரிடம், 'இங்கே முன்னாடி என்ன இருந்தது?' என்று கேளுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு டீ. கெட்டிஸ் பாணி.

அடுத்த புதன்கிழமை ப.சீ. வந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவிடாமல் ஆரம்பித்தார்.

"ஒண்ணே முக்கால் மணி சார், திங்கட்கிழமை. ரெண்டு கையும் இல்ல."

"ராத்திரி?"

"நாய் மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் பயந்துபோய் என் பின்னாடியே வந்துச்சு."

"டீக்கடை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பெரியவர் ஒருத்தர் இருந்தார் சார். 'இங்கயா தம்பி? நாங்க சின்னப் புள்ளையில மீன் புடிச்ச எடம்'னார். எந்த எடத்துல ஆழம்னு கையைக் காட்டினார். அது பி பிளாக் சார்."

டோக்கன் பத்தாயிரம் திரும்பி வரவில்லை. நோட்டீஸின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். என் கணக்கைப் போட்டது அதன் மேல்தான். எனக்கும் தெரியவில்லை. பெண் வீட்டில் நேராகப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி: "தண்ணி வர்ற வீட்ல வாடகைக்கு இருந்தா என்ன குறைச்சல்?" இவர் பிழைத்துக்கொள்வார்.

இப்போது ப.சீ. ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடையில், முதல் மாடியில், ஒரு பழைய போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். கீழே மளிகைக் கடை, எதிரே இஸ்திரி வண்டி, பின்னால் இன்னும் தண்ணீர் உள்ள ஒரு கிணறு. லோன் இல்லை. ஏழரை இல்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. தாம்பரத்திலிருந்து வருகிற எங்கள் கேஷியர் ஒன்பதரைக்கு டாண் என்று சீட்டில் இருக்கிறார். பத்து நிமிஷ நடையில் இருக்கிற ப.சீ. தினமும் இருபது நிமிஷம் லேட்.

இதற்கும் ஒரு ஜெர்மானியர் ஏதாவது எழுதியிருப்பார், தேட வேண்டும்.